மறு: மறுகூறலா, மறுபுனைவா?

[ஈரோடு]
> பழைய கதையை வேறு விதமாகத் திரும்ப எழுதும் நாவலுக்கு (ஆங்கிலத்தில் 'ரீடெல்லிங்') "மறுகூறல்" என்றே வைத்துவிடலாமே, எளிதாக இருக்கிறது.

மேலே கேட்டவருக்கு: எளிதுதானுங்க. ஆனால் பத்தாவது படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் அதை மறுகூட்டல் என்றுதான் படிப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. சிறுவர்களுக்காகச் சுருக்கி எழுதுகிற பதிப்பும் 'மறுகூறல்' ஆகிவிடும். பெர்சிவல் எவரெட்டின் 'ஜேம்ஸ்' (2024) மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்'னைச் சுருக்கவில்லை. வெள்ளைச் சிறுவன் ஹக் சொன்ன கதையை, அவனோடு தப்பிப்போகும் அடிமை ஜிம் வாயால் சொல்கிறது. அதனால் 'மறுபுனைவு' என்பேன். மறுபதிப்பு, மறுபிறவி போல ஒற்று மிகாது. மறுபுனைந்தார், மறுபுனைந்த நாவல் என்று வினையும் எச்சமும் தடங்கலில்லாமல் வரும்.

[கோவை]
தழுவல் இருக்கும்போது புதுச்சொல் எதுக்குங்க?

[நாமக்கல்]
தழுவலைத் தொட வேண்டாம். நாவல் நாடகமானாலும் படமானாலும் தழுவல்தான். பதிப்புரிமைச் சட்டத்தில் (1957) அது தனி உரிமையின் பெயரும்கூட; ஒப்பந்தம் எழுதும்போது குழப்பம் வரும்.

நட்பு நாவல்களில் தழுவலுக்கும் மறுபுனைவுக்கும் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஒரு நண்பன் 'நான்' என்று தன்மையில் சொல்லும் கதையில், மற்றவன் அவன் கண்ணில் படும்போது மட்டுமே இருக்கிறான். மூடுபனியில் ஹக்கின் தோணியும் ஜிம்மின் தெப்பமும் பிரிகின்றன. பிறகு ஹக் ஒரு பெரிய வீட்டில் தங்க, ஜிம் சதுப்பில் ஒளிந்திருக்கிறான். அந்த நேரமெல்லாம் மூலத்தில் வெற்றிடம். மறுபுனைபவருக்குச் சரக்கே அங்கேதான். இருவரும் சேர்ந்திருக்கும் காட்சிகளில் கைவைத்தால், மூலம் படித்தவர் உடனே பிடித்துவிடுவார்.

பார்பரா கிங்சால்வரின் 'டெமன் காப்பர்ஹெட்' (2022) வேறு வகை. டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் வரும் டேவிட் போலவே டெமனும் தன் கதையைத் தானே சொல்கிறான். மாறியது களமும் காலமும். இங்கிலாந்து வர்ஜீனிய மலைநாடாகிறது, டேவிட் மயங்கிக் கிடந்த நண்பன் ஸ்டீர்ஃபோர்த் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரமாகிறான். முதல் வகையை மறுபக்கப் புனைவு என்றும் இதைக் களமாற்றுப் புனைவு என்றும் பிரிக்கலாம்.

[கோவை]
நம்ம ஊர் உதாரணம் ஒன்று போடுங்க.

[நாமக்கல்]
பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'. பண்ணையத்து ஆள் கூளையனும் பண்ணையக்காரர் மகன் செல்வனும் கூட்டாளிகள். செல்வன் வாயால் சொன்னால் மறுபக்கம். அந்த உறவைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் கொண்டுபோனால் களமாற்று. (ஆசிரியர் இருக்கிறார், இரண்டுக்கும் அனுமதி வாங்கணும்.)

களமாற்றில் சறுக்குகிற இடம் பேச்சு. கம்பெனியில் யாரும் யாருக்கும் மரியாதைக்கு 'ங்க' போடுவார்கள். பண்ணையத்துக் காட்டில் யார் போடுகிறார், யாருக்குப் போடுவதில்லை என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஈடாக ஒன்றைப் பிடிக்காமல் கதையை நகர்த்தினால் இரண்டு பையன்கள் சுற்றித்திரிந்த கதைதான் மிஞ்சும். மறுபக்க வகையானாலும் 'ஜேம்ஸ்' இதைச் சரியாகப் பிடித்தது: அடிமைகள் வெள்ளையர் காதில் விழும்போது மட்டும் கொச்சையாகப் பேசுகிறார்கள், தங்களுக்குள் திருத்தமாக.

[கோவை]
அப்படீன்னா பெருமாள்முருகனோட 'மாதொருபாகன்' முடிவிலிருந்து இரு வேறு வழியில் போகும் 'ஆலவாயன்', 'அர்த்தநாரி'?

[ஈரோடு]
அவை தொடர்ச்சிங்க. பழைய நிகழ்ச்சியைத் திரும்ப எழுதினால்தான் மறுபுனைவு.

எழுதுபவருக்கு மறுபுனைவாளர் போதும். புனைவாளர் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. களமாற்றுதான் உறுத்துகிறது. நம்ம பக்கம் களம் என்றால் கதிரடிக்கிற இடம். இடமாற்று என்றால் டிரான்ஸ்பர் ஆர்டர் ஆகிவிடும். 'கதைக்களமாற்று' என்று முழுசாகவே போட்டுவிடுங்க.