ஃபோர்டின் வெற்றிக்குக் காரணம் நகரும் வரிசையா, ஒத்த அளவுள்ள பாகங்களா?

கடைசல்காரன் எழுதியது:

கார் உற்பத்தியின் வரலாற்றைப் பேசுபவர்களில் பெரும்பாலோர் 1913-ஆம் ஆண்டையும் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க் ஆலையையும் குறிப்பிட்டுவிட்டு, ஹென்றி ஃபோர்டு அசெம்ப்ளி லைனை, அதாவது கார் ஆள் ஆளாக நகர்ந்து பூட்டப்படும் வரிசையை, ஓடவிட்டதும் கார் மலிவாகிவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள். கடைசல் பட்டறையில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. தொடக்க காலத்தில் ஒரு காருக்கென்று செய்த பாகம் இன்னொரு காருக்குப் பொருந்தாது. ஃபிட்டர் ஒவ்வொன்றையும் அரத்தால் ராவித்தான் பூட்ட வேண்டியிருந்தது. ராவ வேண்டிய பாகங்களைக் கொடுத்தால் எந்த வரிசையும் முதல் ஆளிடமே நின்றுவிடும்.

இந்தத் தடையைக் கார் தொழிலில் உடைத்தவர்களில் முதன்மையானவர் காடிலாக் நிறுவனத்தின் ஹென்றி லேலண்ட். ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுதசாலையிலும் கோல்ட் துப்பாக்கி ஆலையிலும் துல்லிய இயந்திரங்களும் அளவுகருவிகளும் செய்த பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனத்திலும் தொழில் பழகிய அவர், துப்பாக்கிக்கு வேண்டிய துல்லியத்தைக் காருக்குக் கொண்டுவந்தார். 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில், ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில், அவருடைய மூன்று காடிலாக் கார்களை முழுவதுமாகப் பிரித்து, பாகங்களை ஒன்றாகக் கலந்து, விற்பனையாளரின் கையிருப்பில் இருந்த புதிய பாகங்களையும் நடுவே சேர்த்து, ஸ்பானரும் திருப்புளியும் மட்டுமே கொண்டு மறுபடி பூட்டினார்கள். அரம் தொடாத அந்த மூன்று கார்களும் 500 மைல் ஓடிக் காட்டின. அந்தக் கிளப் வழங்கிய டியூவர் கோப்பை இதற்காகத்தான் காடிலாக்குக்குக் கிடைத்தது. வெகுஜன உற்பத்தியின் பிறந்தநாளை நான் அங்கேதான் வைப்பேன்.

நூலகவாசி எழுதியது:

கடைசல்காரன் ஐயா, லேலண்டின் துல்லியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துல்லியத்தால் காடிலாக் ஏழை விவசாயி வாங்கும் காராக மாறிவிடவில்லை. பாகங்கள் பொருந்துவது ஒன்று; ஆயிரக்கணக்கான பாகங்களை உரிய நேரத்தில் உரிய ஆளின் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது முற்றிலும் வேறான சிக்கல்.

ஹைலண்ட் பார்க்கில் நடந்ததைப் படிப்படியாகப் பாருங்கள். 1913 ஏப்ரலில் மாக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மின்கருவி) பிரிவில்தான் சோதனை தொடங்கியது. அதுவரை ஒரே ஆள் ஒரு மாக்னெட்டோவை முழுவதுமாகப் பூட்ட ஏறத்தாழ 20 நிமிடம் ஆனது. அதே வேலையை 29 பேருக்குப் பிரித்துக் கொடுத்து வரிசையில் தள்ளிவிட்டபோது, ஒரு மாக்னெட்டோவுக்கு ஆன உழைப்பு 13 நிமிடம் 10 விநாடியாகக் குறைந்தது. குனிந்து வேலை செய்ய வேண்டியதில்லை என்று மேடையைச் சில அங்குலம் உயர்த்தினார்கள். பிறகு சங்கிலியால் இழுக்கவைத்தார்கள். நேரம் 5 நிமிடத்துக்கு இறங்கியது. பாகங்கள் மாறவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அதே பாகங்கள், அதே ஆட்கள், வேறு ஏற்பாடு.

காரின் அடிச்சட்டமான சேசிஸிலும் அதுதான் நடந்தது. ஓரிடத்தில் நிறுத்திப் பூட்டிய காலத்தில் ஒரு சேசிஸுக்கு ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. கயிறு கட்டி இழுத்துப் பார்த்த முதல் சோதனையிலேயே அது ஆறு மணி நேரத்துக்கும் கீழே வந்தது. 1914 ஏப்ரலில் 1 மணி 33 நிமிடம். ஃபோர்டு ஆலையில் பணியாற்றிய சோரன்சன், ஏவரி, கிளான் முதலியோரின் கூட்டு முயற்சி இது. சிகாகோவின் இறைச்சிக்கூடங்களில் தொங்கும் உடல்கள் ஆள் ஆளாக நகர்வதைப் பார்த்துவந்ததாகக் கிளான் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமையைப் புரூக்லண்ட்ஸுக்கு மாற்றுவது நியாயமன்று.

கடைசல்காரன் எழுதியது:

நீங்கள் தந்த எண்கள் சரியானவை. ஆனால் அவற்றுக்கு முந்தைய எண்களை விட்டுவிட்டீர்கள். 1910-இல் ஃபோர்டு செய்த கார்கள் ஏறத்தாழ 19,000. 1913-இல் அது ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. சேசிஸ் வரிசை நகரத் தொடங்கியதோ அந்த ஆண்டு அக்டோபரில். அப்படியானால் ஏழெட்டு மடங்குக்கு மேலான வளர்ச்சி எதனால் வந்தது?

1906-இல் உற்பத்தி மேலாளராக ஃபோர்டிடம் வந்த வால்டர் ஃபிளாண்டர்ஸ் இரண்டே ஆண்டுகளில் விலகிவிட்டார், ஆனால் அவர் விட்டுச்சென்ற முறை தங்கிவிட்டது. கடைசல் இயந்திரங்களை ஒரு கூடத்திலும் துளையிடும் இயந்திரங்களை இன்னொரு கூடத்திலும் வைக்கும் பழைய வழக்கத்தை விட்டு, ஒரு பாகத்துக்கு எந்த வேலைக்குப் பின் எந்த வேலையோ அந்த வரிசையில் இயந்திரங்களை நிறுத்தச் செய்தார். ஒரே வேலைக்கென்று செய்த இயந்திரங்கள், பாகத்தைச் சரியான இடத்தில் பிடித்துவைத்து, ஆளின் கைத்திறனை எதிர்பார்க்காத ஜிக்குகள், அளவு தவறினால் உடனே காட்டிக்கொடுக்கும் கேஜ்கள் எல்லாம் 1913-க்குள் வந்துவிட்டன.

ஆலைமணி எழுதியது:

இருவரும் இயந்திரத்தின் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். வரிசைக்கு முன்னால் நின்றவர்களை வைத்துப் பார்த்தால் 1913 உண்மையிலேயே ஒரு முறிவுதான். அந்த ஆண்டு ஃபோர்டு ஆலையில் ஆள் மாற்றம் 370 சதவீதம். ஏறத்தாழ 14,000 பேரை வேலையில் வைத்திருப்பதற்கு 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. வேகத்தைத் தானே முடிவு செய்துகொண்ட தொழிலாளிக்கு இனி சங்கிலி வேகத்தை முடிவு செய்தது. அதைப் பொறுக்காமல் ஓடினார்கள்.

1914 ஜனவரியில் அறிவித்த 5 டாலர் நாள் வருமானத்தைத் தருமம் போலச் சிலர் எழுதுவது எனக்கு வேதனை தருகிறது. அதில் 2.34 டாலர்தான் கூலி, மீதி இலாபப் பங்கு. அந்தப் பங்கைப் பெறத் தகுதி உண்டா என்று பார்க்க, குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீடு சுத்தமா என்று நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வீட்டுக்கே வந்தார்கள். நாள் வேலை ஒன்பது மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரமானது நன்மைதான், மறுக்கமாட்டேன். ஆனால் அந்த 5 டாலர் இல்லாமல் வரிசை நிலைத்திருக்காது. ஒத்த அளவுள்ள பாகங்கள் மட்டும் இருந்த காலத்தில் எவரும் இப்படி ஓடவில்லையே?

நூலகவாசி எழுதியது:

ஆலைமணி சொன்னது என் தரப்புக்கு வலுச் சேர்க்கிறது. கூடவே இன்னொரு கணக்கு: 1914-இல் ஃபோர்டின் ஏறத்தாழ 13,000 தொழிலாளர்கள் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைச் செய்தார்கள். அமெரிக்காவின் மற்றக் கார் நிறுவனங்கள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ அதே அளவு செய்வதற்கு 66,000-க்கு மேற்பட்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள். நல்ல கேஜ்களும் நல்ல இயந்திரங்களும் அவர்களில் பலரிடம் இருந்தன. இல்லாதது வரிசை.

கடைசல்காரன் எழுதியது:

அவர்களிடம் இல்லாதது வரிசை மட்டுமன்று. 1909-லேயே ஃபோர்டு இனி மாடல் டி என்ற ஒரே காரைத்தான் செய்வோம் என்று முடிவெடுத்துவிட்டார். மற்ற நிறுவனங்களில் பல மாடல்கள் இருந்தன, விலையுயர்ந்த கார்களும் இருந்தன; அவற்றின் ஆள் கணக்கை மாடல் டி-யோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது பொருந்தாது. ஒரே மாடல் என்பதால்தான் ஒரே வேலைக்கான இயந்திரத்தில் துணிந்து பணம் போட முடிந்தது. தொடக்கத்தில் 850 டாலருக்கு விற்ற கார் 1920-களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே வந்ததில் அந்த முதலீட்டின் பங்கு பெரிது.

ஆலைமணி கேட்டதற்கும் என் பதில் இதுதான். பண்ணையிலிருந்து வந்த, ஆங்கிலம் தெரியாத ஓர் ஆளைச் சில நாள்களில் வரிசையில் நிறுத்த முடிந்தது, அவர் ஓடினால் மறுநாளே இன்னொருவரை நிறுத்தவும் முடிந்தது என்றால், அந்த வேலைக்குரிய திறன் முழுவதையும் அதற்கு முன்பே கருவிகளைச் செய்யும் டூல் ரூமில் இருந்த தொழிலாளர்கள் ஜிக்கிலும் கேஜிலும் வைத்துவிட்டார்கள் என்று பொருள். அவர்களில் ஒருவருடைய பெயரும் எந்தப் பாடநூலிலும் இல்லை.