பவளத்துக்கு எந்த ஃபில்டர்? ஆக்சலாட்டல் வளர்ப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு ஆக்சலாட்டலுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. தெரியாதவர்களுக்கு: இது மீன் அல்ல, நாலு காலும் வாலுமாகத் தண்ணீரிலேயே வாழும், தவளைக்கு உறவான உயிர். வெளிர் ரோஸ் உடம்பு, தலைக்கு இருபுறமும் சிவப்புச் செவுள். அதைப் பார்த்து மகள் வைத்த பெயர் பவளம். ஃபில்டர் விஷயத்தில் நான் செய்த தவறுகளைச் சொல்கிறேன். புதிதாக வாங்குகிறவர்களாவது தப்பிக்கட்டும்.

மீனுக்குப் போடுவதே இதற்கும் போதும் என்று சொல்லித்தான் கடையில் ஃபில்டர் கொடுத்தார்கள். தொட்டியின் பின்பக்கம் தொங்கவிடும் வகை. பவளம் வருவதற்கு முன்பே ஃபில்டரில் நல்ல பாக்டீரியா வளர்வதற்காக ஒரு மாதத்துக்கு மேல் அம்மோனியா விட்டு ஓட்டித் தொட்டியைத் தயார் செய்திருந்தோம். தண்ணீர் குட்டி அருவி போல விழும், பார்க்க அழகாக இருக்கும்.

பவளம் வந்த மூன்றாம் நாளே எதிர் மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டது. செவுள்கள் முகத்தை நோக்கி முன்பக்கமாக வளைந்திருந்தன. வால் நுனி கொக்கி மாதிரி மடங்கியிருந்தது. மண்புழுவை வாயருகே காட்டினாலும் தலையைத் திருப்பிக்கொண்டது. தண்ணீரைச் சோதித்தால் எல்லாம் சரியாகவே இருந்தது. ஏதோ நோய் என்று பயந்துபோனோம். ஒரு மதியம் கரண்ட் போய் ஃபில்டர் நின்றது. அரை மணி நேரம் ஆகியிருக்கும், மகள் கூப்பிட்டாள். பவளம் மெதுவாகக் கால் வைத்துத் தொட்டியின் நடுவுக்கு நடந்து வந்திருந்தது. செவுள்கள் பின்னால் விரிந்து ஒவ்வொரு இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. அன்றைக்குத்தான் அது புழு தின்றது.

நோயெல்லாம் இல்லை, தண்ணீர் இழுப்புதான். இதன் சொந்த ஊர் மெக்ஸிகோ நகரத்தின் தென்பகுதியிலுள்ள சோச்சிமில்கோ ஏரியும் கால்வாய்களும். அங்கே தண்ணீர் ஏறக்குறைய தேங்கியே நிற்கும். வாழ்நாள் முழுக்க வெளிச் செவுளோடு இருக்கிற உயிர், ஓயாமல் தள்ளுகிற நீரில் எப்படி நிம்மதியாக இருக்கும்?

மறுவாரமே இரண்டு ஸ்பாஞ்சு ஃபில்டர் வாங்கினேன். ஏர் பம்ப் வெளியே இருக்கும். குமிழி மேலே போகும்போது தண்ணீரைப் பஞ்சு வழியாக மெல்ல இழுக்கும், அவ்வளவுதான். பழைய ஃபில்டருக்குள் இருந்த பஞ்சையும் ஒரு மாதம் தொட்டிக்குள்ளேயே விட்டுவைத்தேன். அதில் ஊறியிருக்கிற பாக்டீரியாதானே உண்மையான ஃபில்டர். கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுவது அதுதான். ஆக்சலாட்டல் நிறையத் தின்று நிறையக் கழிக்கும், அதனால் ஒரே ஒரு சின்ன ஸ்பாஞ்சை நம்பாதீர்கள்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஞ்சையும் சேர்த்துக் குழாயடியில் பளிச்சென்று கழுவிவிட்டேன். எங்கள் தெருவுக்கு வருவது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர். அதில் பாக்டீரியாவைக் கொல்லும் குளோரின் இருக்கும் என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை. இரண்டு நாளில் அம்மோனியா சோதனைக் குழாய் மஞ்சளுக்குப் பதிலாகப் பச்சை காட்டியது. பவளத்தை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, குளோரின் நீக்கிய தண்ணீரைத் தினமும் முழுதாக மாற்றினேன். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மறுபடி பூஜ்யத்துக்கு வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் மகள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இப்போது தண்ணீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீர் பக்கெட்டிலேயே பஞ்சைப் பிழிகிறேன். புளி கரைத்தது போலப் பழுப்பாக இறங்கும். இரண்டு மூன்று பிழிதான், வெள்ளையாகும் வரை அல்ல. அதுவும் இந்த முறை ஒன்று, அடுத்த முறை இன்னொன்று.

தர்மபுரியிலிருந்து மறுமொழி

அண்ணா, எனக்குப் பிரச்சினை வேறு மாதிரி வந்தது. தண்ணீருக்குள் முங்கியிருக்கும் மோட்டார் ஃபில்டர் வைத்திருந்தேன். அந்த மோட்டார் சூடு எங்கே போகும், தண்ணீருக்குத்தான். 16 முதல் 18 டிகிரியில் இருக்க வேண்டிய உயிருக்கு 24ஐத் தாண்டினாலே ஆபத்து. நம் ஊர் ஏப்ரலில் கேட்கவா வேண்டும்? மோட்டாரை எடுத்துவிட்டு ஸ்பாஞ்சு போட்டேன். தண்ணீரின் மேற்பரப்பை உரசுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வைத்ததில் இரண்டு மூன்று டிகிரி குறைந்தது. கோடைக்கு அதுவும் போதவில்லை, கடைசியில் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்கினேன். சில்லருக்குப் பணம் இல்லாவிட்டால் இங்கே ஆக்சலாட்டல் வாங்க வேண்டாம் என்றே கேட்பவர்களிடம் சொல்கிறேன்.

ஓசூரிலிருந்து மறுமொழி

நான் நாலடித் தொட்டியில் இரண்டு வளர்க்கிறேன், தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர்தான் ஓடுகிறது. அதையும் ஒதுக்க வேண்டியதில்லை. தண்ணீர் வெளிவரும் துளைக் குழாயைப் பின்கண்ணாடியைப் பார்த்துத் திருப்பிவிட்டேன். வேகம் கண்ணாடியிலேயே உடைந்துவிடுகிறது. உறிஞ்சும் முனைக்கு மட்டும் கட்டாயம் பஞ்சு உறை மாட்டுங்கள். ஒருமுறை குட்டியின் கால் அதில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்துக் கை நடுங்கிவிட்டது. கரண்ட் போனால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் அண்ணா?

முதல் பதிவர்

நல்ல கேள்வி தம்பி. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று தொட்டியருகிலேயே தயாராக இருக்கிறது. இன்னொன்று, ஏர் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைக்காதீர்கள். பம்ப் நின்றதும் டியூப் வழியாகத் தண்ணீர் திரும்பி இறங்கும். எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி அப்படித்தான் பம்பும் போனது, கீழ்த்தட்டில் இருந்த மகளின் பள்ளிப் புத்தகங்களும் நனைந்தன. டியூபில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுவிடுங்கள், சின்ன செலவுதான். தர்மபுரித் தங்கச்சி, அந்த ஃபேனை எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் வைத்தீர்கள் என்று ஒரு படம் போடும்மா. மார்ச்சுக்குள் இங்கேயும் பொருத்திவிட வேண்டும்.