மறுமொழி: கிரவுட், கால்க் – ஒரே சொல் போதுமா?

> இரண்டும் டைல்ஸ் இடுக்கை அடைப்பவைதானே? 'நிரப்பி' என்று ஒரே சொல் வைத்தால் என்ன?

கிரவுட் (grout), கால்க் (caulk) இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் போதாது ஐயா. எங்கள் வீட்டில் ஷவருக்கு அடியில் சுவரும் தரையும் சேரும் மூலையிலும் கொத்தனார் கிரவுட்டையே இழுத்துவிட்டார். கேட்டதற்கு, "எல்லாம் ஃபில்லர்தான் சார்" என்றார். ஒரு வருடத்துக்குள் மூலை நெடுக விரிசல். அப்புறம் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம்.

கிரவுட் என்பது பெரும்பாலும் சிமென்ட் மாவு. தண்ணீர் விட்டுக் குழைத்துத் தேய்த்தால் கல்லாக இறுகும். ஒரே சுவரின் டைல்கள் சேர்ந்தே அசைவதால் அங்கே அது தாங்கும். மூலையில் சுவர் ஒரு பக்கம், தரை ஒரு பக்கம் அசையும். அங்கே ரப்பர்போல் இழுபடும் சிலிகான் கால்க்தான் நிற்கும். இந்த வேறுபாட்டைச் சொல்லே காட்டிவிட வேண்டும் என்பது என் ஆசை.

கிரவுட்டுக்கு 'இடைச்சாந்து' என்பேன். சாந்து என்றதும் குழைப்பதும் இறுகுவதும் நினைவுக்கு வந்துவிடும். சிமென்டுக்குப் பதில் எபாக்சி என்ற பிசினால் ஆன வகையை 'எபாக்சி இடைச்சாந்து' என்றால் சரி.

கால்க்குக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பூசி, நீர் புகாமல் செய்வதற்குப் பழைய அகராதிகளில் 'கலப்பற்று' என்ற சொல் இருக்கிறது. பலகை ஊறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அலையில் நெளியும். அத்தனைக்கும் ஈடுகொடுக்கிற அடைப்பு அது. ஆங்கிலச் சொல்லும் கப்பலிலிருந்து குளியலறைக்கு வந்ததுதான். நம் சொல்லும் அதே வழியில் வரட்டுமே!

> 'கலப்பற்ற நெய்' மாதிரி, கலப்படம் இல்லாதது என்று படித்துவிடுவார்களே?

நியாயமான தடை. அதனால் பேச்சு வழக்கை ஒட்டிக் 'கலப்பத்து' என்றே எழுதலாம். 'நெகிழ் அடைப்பு' எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் குளியலறையில் அடைப்பு என்றால் தண்ணீர் போகவில்லை என்றுதான் பொருள்.

கொத்தனாரிடம் சொல்வதுபோல் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்: "மூலையில இடைச்சாந்து வேண்டாம், கலப்பத்து அடிங்க. ஒரு நாள் தண்ணி படக்கூடாது." நாக்கில் தடங்கலில்லாமல் வருகிறது.

தூத்துக்குடியில் தோணி கட்டும் தச்சர்களோடு பழக்கமுள்ளவர்கள் ஒன்று கேட்டு எழுதுங்கள்: அவர்கள் கலப்பத்து 'அடிக்கிறார்களா', 'பார்க்கிறார்களா'? வினைச்சொல்லை அவர்களிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.