மறு: கோப்பு நீக்கத்துக்கு ‘அழி’ என்ற ஒரு சொல் போதுமா?

குழுமத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

குறுநிரல் (சிறு கட்டளைத் தொகுப்பு) எழுதும் கணினி மொழிகளில் கோப்புகளையும் அடைவுகளையும் (கோப்புறைகளையும்) நீக்கும் கட்டளைகள் எல்லாவற்றுக்கும் ‘அழி’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்று குழும உறுப்பினரான ஐயா ஒருவர் சென்ற மடலில் முன்மொழிந்திருந்தார்கள். சொல் எளியது, சிறு பிள்ளைக்கும் விளங்கும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் இலங்கை மலையகத்து ஹட்டன் பகுதியில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் பைதான் என்ற கணினி மொழியைக் கற்பிப்பவன் என்ற முறையில், அந்த ஒரு சொல் மூன்று வேறு செயல்களை ஒன்றாக்கி மறைத்துவிடுகிறது என்றே கருதுகிறேன்.

முதலில் தனிக்கோப்பை எடுத்துக்கொள்வோம். பைதானில் ‘ரிமூவ்’, ‘அன்லிங்க்’ என்று இரண்டு கட்டளைகள் இருந்தாலும் அவை செய்யும் வேலை ஒன்றுதான். பேர்ள், பிஎச்பி ஆகிய மொழிகளில் ‘அன்லிங்க்’ என்பதே வழக்கு. 1971 இல் வெளிவந்த, யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையின் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளின்) முதற் கையேட்டிலேயே இடம்பெற்ற பெயர் அது. அந்தக் கட்டளை கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. அடைவில் பதிந்திருக்கும் பெயரை மட்டுமே எடுத்துவிடுகிறது. யுனிக்ஸ் வழிவந்த பணிசெயல் முறைமைகளில் ஒரே கோப்புக்குப் பல பெயர்கள் இருக்கலாம். எத்தனை பெயர்கள் என்ற எண்ணிக்கையை முறைமை தனியே வைத்திருக்கிறது. அது பூச்சியமாகி, எந்தச் செய்நிரலும் (ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளும்) அக்கோப்பைத் திறந்து வைத்திராத நிலை வந்த பின்னரே வன்தட்டில் இடம் விடுபடுகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. எங்கள் நகரத்துப் படப்பிடிப்பு நிலையமொன்றில், திருமணப் படங்களுக்கு நாள்தோறும் ஒரு காப்பு அடைவு எடுக்கிறார்கள். மாறாத படங்களை மீண்டும் நகலெடுக்காமல், முந்தைய நாளின் கோப்புக்கே இன்னொரு பெயர் சூட்டும் முறை அது. பழைய காப்புகளை நீக்குவதற்குக் குறுநிரல் எழுதிக் கொடுத்த என் மாணவர், குறுநிரல் பிழையின்றி ஓடியும் வன்தட்டில் இடம் ஏறக்குறைய அப்படியே நிறைந்திருந்ததைக் கண்டு, “சேர், அழித்த பிறகும் ஏன் இடம் வரவில்லை?” என்று கேட்டார். அழிக்கப்பட்டவை பெயர்கள், அதே படங்கள் அடுத்தடுத்த நாள்களின் அடைவுகளில் வேறு பெயர்களோடு இருந்தன. ‘அழி’ என்று கற்றுக்கொடுத்தால் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும்.

ஆகவே ‘அன்லிங்க்’ என்பதற்குப் ‘பெயர்வெட்டு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். பள்ளி இடாப்பிலும் (பெயர்ப் பதிவேட்டிலும்) வாக்காளர் இடாப்பிலும் தோட்டத்துச் செக்ரோலிலும் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டிலும்) பெயரை வெட்டுவது என்றால் என்னவென்று எங்கள் பக்கத்தில் விளக்கவே தேவையில்லை. பெயர் வெட்டப்பட்டாலும் ஆள் இருக்கிறார் என்பதும் அந்த வழக்கிலேயே அடங்கியிருக்கிறது. ‘இணைப்பறு’ என்று நேராக மொழிபெயர்க்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘இணைப்பு’ இன்று இணையத் தொடர்பையும் மின்னஞ்சலோடு அனுப்பும் கோப்பையும் குறித்து நிற்பதால், அச்சொல்லைக் கேட்பவர் வலையமைப்பு துண்டிக்கப்பட்டதாகவே எண்ணுவார். வெட்டி ஒட்டுவதில் வரும் ‘வெட்டு’ தனிச்சொல்லாக நிற்பது. கூட்டுச்சொல்லான ‘பெயர்வெட்டு’ அதனோடு மயங்காது.

இரண்டாவது, அடைவு. பைதானின் ‘ஆர்எம்டிர்’ வெறுமையான அடைவை மட்டுமே எடுக்கும். உள்ளே ஒரு கோப்பு எஞ்சியிருந்தாலும் பிழை காட்டி நின்றுவிடும். இதற்கு ‘அகற்று’ போதுமானது. இதில் நீண்ட விவாதம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கவனம் வேண்டுவது. பைதானின் ‘ஷட்டில்’ என்ற கூறிலுள்ள (துணை நிரல் தொகுப்பிலுள்ள) ‘ஆர்எம்ட்ரீ’ ஓர் அடைவையும், அதனுள் இருக்கும் உள்ளடைவுகளையும், அவற்றிலுள்ள கோப்புகள் யாவற்றையும் ஒரே அழைப்பில் நீக்கிவிடும். உறுதிதானா என்று கேட்பதில்லை. மீள்சுழற்சித் தொட்டிக்கும் எதுவும் போவதில்லை. எந்த அடைவு என்று காட்டும் பாதையைத் தரும் மாறியில் (மதிப்பைத் தாங்கும் பெயரில்) தவறான மதிப்பு இருந்தால் ஒரு பள்ளித் தவணையின் வேலை முழுவதும் போய்விடும். எனவே இதற்கான சொல்லைக் கண்டதுமே மாணவரின் கை தயங்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இதற்குக் ‘கவ்வாத்து’ (தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிக் குறைப்பது) என்ற சொல்லைப் பரிந்துரைத்த நண்பருக்கு என் நன்றி. மலையகத்தின் உழைப்பில் ஊறிய சொல்லொன்று கணினித் தமிழில் ஏற வேண்டும் என்ற ஆவல் எனக்கும் உண்டு. ஆனால் கவ்வாத்து வெட்டுவதே தேயிலைச் செடி மறுபடி துளிர்த்துக் கொழுந்து தருவதற்காகத்தான். ‘ஆர்எம்ட்ரீ’ சென்ற இடத்தில் எதுவும் துளிர்க்காது. அச்சொல்லை, பழைய பதிவுகளைக் குறைத்துப் புதியவற்றுக்கு இடம் செய்யும் செயலுக்கு ஒதுக்கி வைப்போம். ‘வேரறு’ என்ற இன்னொரு பரிந்துரை ஓசையில் வலுவானது. எனினும் கோப்பு முறைமையின் உச்சியிலுள்ள அடைவை ‘வேர் அடைவு’ என்றே நாம் அழைத்து வருகிறோம். ‘வேரறு’ என்று படிக்கும் மாணவர் முழு முறைமையும் போய்விடும் என்று பொருள்கொள்ள இடமுண்டு. கொடுக்கப்பட்ட அடைவையும் அதன் கீழுள்ளவற்றையும் மட்டுமே அது நீக்குவதால், ‘கிளையோடு அகற்று’ என்பதே செயலுக்குப் பொருந்துகிறது. இரண்டாவது கட்டளைக்கு வைத்த ‘அகற்று’ இதிலும் வருவதால் இரண்டுக்கும் உள்ள உறவும் வேறுபாடும் ஒருங்கே தெரியும்.

‘அழி’ என்ற சொல்லை நான் கைவிடச் சொல்லவில்லை. உள்ளடக்கத்தின் மேல் வேறு தரவை எழுதி, மீட்க முடியாதபடி செய்யும் செயலுக்கு அதனினும் பொருத்தமான சொல் இல்லை. திரையில் பயனர் அழுத்தும் பொத்தானுக்கு ஏற்கெனவே பரவியுள்ள ‘நீக்கு’ அப்படியே இருக்கட்டும்; அங்கே செயலின் உட்கூறு பயனருக்குத் தேவைப்படுவதில்லை.

இன்னொரு சிக்கல் எஞ்சியிருக்கிறது. விண்டோஸில் திறந்திருக்கும் கோப்பைப் பைதான் நீக்க முயன்றால் பெரும்பாலும் பிழைதான் வரும். யுனிக்ஸ் வழி முறைமைகளிலோ பெயர் உடனே போய்விடும், இடம் பின்னர் விடுபடும். அந்த இடைநிலையில் பெயரின்றி உயிரோடிருக்கும் கோப்பைக் குறிக்க நம்மிடம் சொல் இல்லை. ‘பெயரிலிக் கோப்பு’ எனலாமா என்று யோசிக்கிறேன். அடுத்த தவணைக்கான பயிற்சித்தாளில் மேற்கண்ட சொற்களைப் பயன்படுத்த எண்ணியுள்ளேன்; ‘கிளையோடு அகற்று’ நீளமாக இருக்கிறது என்று கருதுவோர், சுருக்கமான மாற்றுச் சொல்லை அதற்கு முன்னர் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.