இடையில் இல்லாத கோணம்

நான்: சித்தப்பா, வடிவியல் தேர்வில் ஒரு நிறுவலுக்கு எனக்கு மதிப்பெண்ணே கிடைக்கவில்லை. முக்கோணம் ஏபிசியில் ஏபி = ஏசி, பிசியின் நடுப்புள்ளி டி என்றால், ஏடி பிசிக்குச் செங்குத்து என நிறுவ வேண்டும். ஏபி = ஏசி, ஏடி பொதுப் பக்கம், கோணம் பி = கோணம் சி, ஆகவே ப-கோ-ப (பக்கம்-கோணம்-பக்கம்) விதிப்படி முக்கோணங்கள் ஏபிடியும் ஏசிடியும் சர்வசமம், அதாவது வடிவிலும் அளவிலும் ஒன்றே, என்று எழுதினேன். மூன்று வரிகளும் உண்மைதானே?

சித்தப்பா: உண்மைதான் அம்மா. ஆனால் ப-கோ-ப என்றால் அந்தக் கோணம் நீ எடுத்த இரு பக்கங்களுக்கும் இடையில் இருக்க வேண்டும். கோணம் பி, ஏபி, பிடி என்ற பக்கங்களுக்கு இடையில் இருக்கிறது. நீயோ ஏபியையும் ஏடியையும் எடுத்திருக்கிறாய்.

அம்மா: முடிவு சரியாகத்தானே வந்திருக்கிறது? அதற்குக்கூடவா மதிப்பெண் தரக் கூடாது?

சித்தப்பா: அண்ணி, டி நடுப்புள்ளி என்பதை அவள் எந்த வரியிலும் பயன்படுத்தவில்லை. அப்படியானால் அவள் சொன்ன காரணம், டி பிசியின் மேல் எங்கே இருந்தாலும் பொருந்தியாக வேண்டும். பொருந்துகிறதா என்று அவளே வரைந்து பார்க்கட்டும்: ஏபி, ஏசி இரண்டும் 5 செ.மீ., பிசி 6 செ.மீ., டியை மட்டும் பியிலிருந்து 1 செ.மீ. தள்ளி வைக்கட்டும்.

நான்: வரைந்துவிட்டேன். ஏபி = ஏசி, ஏடி இரண்டுக்கும் பொது, கோணம் பி = கோணம் சி என்று நான் எழுதிய மூன்று வரிகளும் இந்தப் படத்திலும் அப்படியே இருக்கின்றன. ஆனால் பிடி 1 செ.மீ., டிசி 5 செ.மீ.; ஒரு முக்கோணம் கீற்றுப் போல ஒல்லியாக இருக்கிறது, மற்றது அதைப் போல ஐந்து மடங்கு பரப்புடன் இருக்கிறது.

அக்கா: எனக்கும் இந்த இடம் வெகுநாள் குழப்பமாக இருந்தது. டியில் உண்டாகும் இரு கோணங்களும் சேர்ந்து 180° ஆவதால், ஒன்று விரிகோணமானால் மற்றது குறுங்கோணமாகிவிடும். அதனால்தான் ஒரே அளவுகளுக்கு இரண்டு முக்கோணங்கள் கிடைக்கின்றன. அந்தக் கோணம் 90° என்று முன்பே தெரிந்திருந்தால் இந்த இரட்டை வழி அடைபட்டுவிடும், செ-க-ப (செங்கோணம்-கர்ணம்-பக்கம்) விதியும் செல்லும். உன் கணக்கிலோ அந்த 90°-ஐத்தான் நிறுவச் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே செ-க-பவையும் தொடாதே.

நான்: அப்படியென்றால் இப்படி எழுதுகிறேன்: ஏபி = ஏசி, கொடுக்கப்பட்டது; பிடி = சிடி, டி நடுப்புள்ளி; ஏடி பொதுப் பக்கம்; ப-ப-ப (பக்கம்-பக்கம்-பக்கம்) விதிப்படி முக்கோணம் ஏபிடி, முக்கோணம் சிஏடி சர்வசமம்.

சித்தப்பா: நிறுவல் சரி, ஆனால் உச்சிகளின் வரிசையைப் பார். நீ எழுதியபடி ஏ-க்கு ஒத்த உச்சி சி ஆகிவிடுகிறது; அந்த வரிசையில் எந்தப் பக்கம் எதற்குச் சமம் என்று படிப்பவர் தவறாகவே எடுத்துக்கொள்வார்.

நான்: முக்கோணம் ஏபிடி, முக்கோணம் ஏசிடி சர்வசமம். ஆகவே ஒத்த கோணங்களான ஏடிபியும் ஏடிசியும் சமம். அவை நேரிய கோணச் சோடி என்பதால் கூடுதல் 180°, ஒவ்வொன்றும் 90°.