சுகர் பேஷண்ட் ரெட்டினா போட்டோ மாடல்: டெஸ்ட்ல 96%, கண் முகாம் போட்டோல படுத்துடுச்சு, எங்க தப்பு?

பயோமெட்_நாலாவதுவருஷம்:
எல்லாருக்கும் வணக்கம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் ஃபைனல் இயர் படிக்கிறேன். சுகர்னால ரெட்டினா கெட்டுப்போறதை, அதாவது டயபெட்டிக் ரெட்டினோபதியை, போட்டோவ வச்சே கண்டுபிடிக்கிறதுதான் ப்ராஜெக்ட். ஆப்டாஸ் 2019 டேட்டாசெட், நம்ம மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கொடுத்தது, அதுல நோய் எந்தக் கட்டம்னு கிரேடு போட்ட 3662 போட்டோவ எடுத்து, ரெஸ்நெட் 50ன்ற படம் பாக்குற ஏஐ மாடலை வச்சு 224க்கு 224 பிக்ஸல் சைஸ்ல ட்ரெயின் பண்ணேன், இருக்கு இல்லைன்னு ரெண்டே க்ளாஸ்தான். அக்யூரஸி 96% வந்துச்சு.

போன மாசம் பக்கத்து ஊர் கண் முகாம்ல பெர்மிஷன் வாங்கி, பேர் விவரமெல்லாம் நீக்கிட்டு 60 பேரோட போட்டோ கொடுத்தாங்க, போன்ல லென்ஸ் மாட்டி எடுத்தது. டாக்டர் பாத்து 14 பேருக்கு இருக்குன்னு சொன்னாங்க, என் மாடல் 8 பேரைத்தான் பிடிச்சுது. மீதி ஆறு பேரையும் ஒண்ணுமில்லன்னு சொல்லிடுச்சு. ஒரு போட்டோல மேக்குலா, அதாவது ரெட்டினாவோட நடுப்பகுதி, பக்கத்துல மூணு செவப்புப் புள்ளி என் கண்ணுக்கே தெரியுது, அதுக்குத் தெரியல. எங்க அப்பத்தா சுகர்னால கண்ணு போயி கடைசி அஞ்சு வருஷம் சுவத்தைத் தடவித் தடவித்தான் நடந்தாங்க, அதனாலதான் இந்த டாபிக்கையே எடுத்தேன், அதான் மனசு கேக்கல. இன்னும் பெரிய மாடலுக்குப் போகணுமா? ரிவ்யூக்கு ஏழு வாரம் இருக்கு.

பிக்ஸல்_மாமா:
தம்பி, மாடலை இப்போதைக்கு மாத்தாதீங்க, உள்ள போற போட்டோவப் பாருங்க. ரெட்டினாவ எடுக்கிற ஃபண்டஸ் கேமரா போட்டோ சிலது 4288 பிக்ஸல் அகலம் இருக்கும், அதை 224 ஆக்கினா 19 மடங்கு சுருங்குது. ஆரம்ப கட்டத்துல இருக்கிற ஒரே அடையாளம் மைக்ரோ அனூரிசம், ரத்தக் குழாய்ல வர்ற குட்டி வீக்கம், 125 மைக்ரானுக்கும் சின்னது, ஒரிஜினல்ல இருபது பிக்ஸல் அகலம் இருந்த புள்ளி உங்க போட்டோல ஒரே ஒரு பிக்ஸலா நிக்கும், பக்கத்துக் கலரோட கலந்தும் போயிடும். நீங்க பாத்த மூணு புள்ளியும் பெரிய போட்டோலதான பாத்தீங்க, மாடலுக்குக் குடுத்த சைஸ்ல திறந்து பாருங்க, உங்களுக்கே தெரியாது. 2016ல ஜாமான்ற மருத்துவ இதழ்ல இதே நோய்க்கு வந்த கூகுள் பேப்பர்ல 299 பிக்ஸல்தான் வச்சாங்க, ஆனா அவங்க முக்கியமாத் தேடினது நடுத்தர கட்டத்துக்கு மேல உள்ள கேஸை, அதுவும் 1,28,175 போட்டோ வச்சு. அதே டீம் 2018ல 779க்குப் போயிட்டாங்க.

அப்புறம் ஆப்டாஸ்ல ஒரே போட்டோ ரெண்டு தடவை இருக்கு, சிலதுக்கு கிரேடு கூட மாறியிருக்கு, அதை எடுக்காம பிரிச்சிருந்தா ட்ரெயின்ல பாத்ததையே டெஸ்ட்லயும் பாத்திருக்கும். போட்டோ சைஸுக்கும் கிரேடுக்கும் கூட சம்பந்தம் இருக்கு, மாடல் நோயை விட்டுட்டு அதைப் பாத்தே பதில் சொல்லலாம், அதனால கறுப்பு ஓரத்தை வெட்டிட்டு வட்டத்தை மட்டும் குடுங்க.

இன்னொண்ணு, அக்யூரஸிய விடுங்க, சென்சிடிவிட்டிய, அதாவது நோய் இருக்கிறவங்கள்ல எத்தனை பேரைப் பிடிச்சுதுன்றதை, சொல்லுங்க. 14ல 8ன்னா 57%. கூகுள் மாடலே பேப்பர்ல 97.5% காட்டினது, அரவிந்த்லயும் சங்கர நேத்ராலயாவுலயும் 3049 பேருக்கு நேர்ல பாத்தப்போ 88.9, 92.1ன்னுதான் வந்துச்சு, 2019ல வெளியிட்டாங்க. அது நல்ல கேமரா, பழகின ஆளுங்க. வெளிய வந்தா குறையும், அதை ரிவ்யூல தைரியமா சொல்லுங்க.

முகாம்_அக்கா:
நான் ஆப்டோமெட்ரிஸ்ட், பன்னெண்டு வருஷமா முகாம் போறேன். மேல சொன்னதெல்லாம் சரிதான், ஆனா அந்த ஆறு போட்டோவும் எப்படி எடுத்ததுன்னு யாராவது கேட்டீங்களா? சொட்டு மருந்து போட்டாங்களா? சுகர் இருக்கிற வயசானவங்களுக்கு கண் பாப்பா சாதாரணமாவே சின்னதாத்தான் இருக்கும், மேல புரை வேற, அதுல மண்டபத்துல கதவையெல்லாம் திறந்து வச்சுட்டு எடுத்தா பாதி ரெட்டினா இருட்டாத்தான் வரும். மோவாய வைக்க ஸ்டாண்டு கூட இருக்காது, நாங்க கையால தலையப் பிடிச்சுக்கிட்டு, ஐயா கண்ணை சிமிட்டாதீங்க சிமிட்டாதீங்கன்னு சொல்லிச் சொல்லி எடுப்போம்.

தாய்லாந்துல பதும்தானி, சியாங்மாய் பக்கம் 11 கிளினிக்ல கூகுள் மாடலை வச்சுப் பாத்தப்போ ஆறு மாசத்துல 1838 போட்டோ குடுத்ததுல 21% தெளிவா இல்லன்னு அதுவே தள்ளிடுச்சு. அந்த பேஷண்டையெல்லாம் தூரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதாப் போச்சு. ஆனாலும் தெரியலன்னு சொன்னது பெரிய விஷயம்ப்பா. உங்க மாடலுக்குத் தெரியலன்னு சொல்ல வாயே இல்ல, இருக்கு இல்லன்னு ரெண்டே பதில்தான் குடுத்திருக்கீங்க, இருட்டுப் போட்டோவப் பாத்தா இல்லன்னுதான் சொல்லும். பேஷண்ட் ஸ்டூல்ல இருந்து எந்திரிக்கறதுக்குள்ள "திரும்ப எடு"ன்னு சொல்ற ஒரு சின்ன மாடல் பண்ணுங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

பயோமெட்_நாலாவதுவருஷம்:
அக்கா, இப்பத்தான் உக்காந்து பாத்தேன். ஆறுல நாலு போட்டோ ஒரு பக்கம் முழுக்க இருட்டு, ஒண்ணுல இமை முடியோட நிழல். சொட்டு மருந்து யாருக்குமே போடலயாம். அந்த மூணு புள்ளி போட்டோ மட்டும் நல்லாத்தான் இருக்கு, மாமா சொன்ன மாதிரி 224ல திறந்து பாத்தேன், புள்ளியே இல்ல. மறுபடி 768ல ட்ரெயின் போட்டிருக்கேன், தெளிவா இருக்கா இல்லயான்னு தனி மாடலும் ஆரம்பிக்கிறேன்.

வைகைக்கரை:
எனக்கு இந்த டெக்னிக்கல் எல்லாம் தெரியாது தம்பி. எங்க அம்மாவுக்கு முகாம்ல சீட்டு எழுதிக் குடுத்தாங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு போகச் சொல்லி. கண்ணு நல்லாத்தான தெரியுதுன்னு சொல்லி அம்மா அதை அரிசி டப்பாவுக்கு அடியில வச்சுட்டாங்க. எட்டு மாசம் கழிச்சு இடது கண்ணுக்குள்ள ரத்தம் கசிஞ்ச அப்புறம்தான் லேசருக்குப் போனோம். வலிக்காத வியாதி, அதான் யாரும் போறதில்ல. உங்க டாக்டர் சொன்ன அந்த 14 பேரும் போனாங்களா?

பயோமெட்_நாலாவதுவருஷம்:
முகாம் நடத்தினவங்ககிட்ட கேட்டேங்க. அஞ்சு பேர்தான் போயிருக்காங்களாம். மீதி ஒம்போது பேருக்கும் இன்னைக்கு அவங்களே போன் போடுறாங்க, எடுக்காதவங்க வீட்டுக்கு சனிக்கிழமை நேர்லயே போறாங்க, நானும் கூடப் போறேன்.