பெட்ரோல் கேன்: போன பதிவுக்கு ஒரு புதுப்பிப்பு

தோட்டத்துப் பவர் வீடருக்கு (களையெடுக்கற மெஷின்) பெட்ரோல் கொண்டுபோக, கனமான எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) 10 லிட்டர் கேன் போதும்னு முன்னாடி எழுதியிருந்தேனுங்க. அது பாதிதான் சரி. ஒழுகறது பெரும்பாலும் மூடியிலதான். வாஷரைக் கழட்டிப் பாருங்க. சாதா ரப்பர்னா பெட்ரோல் பட்டு உப்பி, விளிம்பு அலையலையா நெளிஞ்சு, மூடி மரையில உக்காராது. பெட்ரோலைத் தாங்கற நைட்ரைல் ரப்பர் வாஷர் போடுங்க. தண்ணி ஊத்தி, பழைய பேப்பர் மேல கவுத்து வெச்சுச் சோதிச்சுட்டு, நல்லாக் காய வைங்க.

9.5 லிட்டரோட நிறுத்திக்கோணும். 30 டிகிரி சூடு ஏறினா 10 லிட்டர் கிட்டத்தட்ட 300 மில்லி விரியும். பல்லடம் வெயில்ல கேன் வயிறு உப்பி நின்னா, நிழல்ல ஆறவிட்டு, மூடியை மெதுவா அரைச் சுத்து திருப்பி, காத்து போனப்புறம் திறங்க.

பங்க்குல கேனைத் தரையில வெச்சுத்தான் பிடிக்கோணும். வண்டி மேல வெச்சா நிலைமின்சாரப் பொறி பறக்கலாம். தண்ணி பாட்டில்ல பெட்ரோல் பிடிக்கறது வேண்டவே வேண்டாமுங்க.